20,000 லிட்டர் புரொப்பேன் புல்லட்: பெயின்ட்டைத் தவிர வேறென்ன பார்க்க வேண்டும்?

கோவைப் பக்கம் ஒரு பவுடர் கோட்டிங் ஆலையில் பராமரிப்பைப் பார்த்துக்கொள்கிறீர்கள். தரைக்கு மேலே 20,000 லிட்டர் புரொப்பேன் புல்லட் (படுக்கவைத்த உருளை டேங்க்) இருக்கிறது. ஒப்பந்தக்காரர் வருடத்துக்கு ஒருமுறை வந்து வெள்ளை பெயின்ட் அடித்து, இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தெளித்துப் பார்த்து, ஒரு சான்றிதழ் கொடுத்துவிட்டுப் போகிறார். இது போதுமா, டேங்க்கில் என்னென்ன உறுப்புகள், எதை எப்போது பார்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். உறுப்புகளின் பெயர்ப் பட்டியல் எந்தக் கையேட்டிலும் கிடைத்துவிடும். உங்கள் கேள்வியின் உள்ளே இருக்கும் சந்தேகம் வேறு: இத்தனை வருடம் ஒன்றும் ஆகாமல் இருப்பது டேங்க் நன்றாக இருப்பதாலா, அதற்கு இன்னும் சோதனை வராததாலா? அதற்குத்தான் பதில் சொல்கிறேன். பெயின்ட்டும் சோப்புத் தண்ணீரும் அதைச் சொல்லாது. இந்த டேங்க்கில் உயிரைக் காக்கும் உறுப்புகள் எல்லாமே சும்மா இருப்பவை. பத்து வருடத்தில் ஒரு நொடி வேலை செய்ய வேண்டியவை அவை. கெட்டுப்போனாலும் அன்றாட ஓட்டத்தில் வித்தியாசம் தெரியாது.

முதலில் நேம் பிளேட்டைப் படியுங்கள். பெயின்ட் அடிக்கும்போது அதன் மேலும் அடித்துவிடுவது நம் ஊர் வழக்கம். அப்படி இருந்தால் பதமாகச் சுரண்டி எழுத்தை வெளியே கொண்டுவாருங்கள். அதில் வடிவமைப்பு அழுத்தம் என்ன என்று பார்க்க வேண்டும். நம் நாட்டில் புரொப்பேனும் பியூட்டேனும் கலந்த சாதாரண எல்.பி.ஜி.க்காகச் செய்யப்பட்ட புல்லட்டுகள் பலவற்றில் இது சதுர சென்டிமீட்டருக்கு 14.5 கிலோ (ஏறத்தாழ 14 பார்) என்ற அளவில் இருக்கும். தனிப் புரொப்பேன் அதைவிட வீரியமானது. 30 டிகிரியில் அதன் அழுத்தம் ஏறத்தாழ 10 பார், 40 டிகிரியில் 13 பாரை நெருங்கும், 55 டிகிரியில் 18 பார். ஆகவே எல்.பி.ஜி.க்கான டேங்க்கில் 'இரண்டும் ஒன்றுதானே' என்று புரொப்பேன் நிரப்பக் கூடாது. பழைய டேங்க்கை வாங்கி இடம் மாற்றி வைத்த ஆலைகளில் இதைக் கட்டாயம் சரிபார்க்க வேண்டும். எண் பொருந்தவில்லை என்றால் மேற்கொண்டு படிப்பதை நிறுத்திவிட்டு, எரிவாயு கொடுக்கும் நிறுவனத்தைக் கூப்பிடுங்கள்.

இனி கூடு. 20,000 லிட்டர் புல்லட் என்பது சுமார் 2 மீட்டர் விட்டம், 7 மீட்டர் நீளம், ஒன்றரை சென்டிமீட்டர் அளவில் தடிமன் கொண்ட எஃகு உருளை. உள்ளே இருக்கும் சுத்தமான புரொப்பேன் எஃகை அரிக்காது. அரிப்பு வெளியிலிருந்துதான் வரும். அதிலும் வெயில் படும் பக்கவாட்டில் வருவது அரிது. டேங்க் சேடிலில் (அதைத் தாங்கும் பீடத்தில்) உட்காரும் இடம், சேடிலுக்கும் கூட்டுக்கும் நடுவில் வைத்த தகட்டின் ஓரம், மேலே வால்வுகளைச் சுற்றித் தண்ணீர் தேங்கும் குழி, நேம் பிளேட்டின் பின்பக்கம் ஆகிய நான்கு இடங்களில்தான் ஆரம்பிக்கும். சேடிலின் ஓரத்தில் பெயின்ட் புடைத்து, பழுப்பு நீர் ஒழுகிய தடம் தெரிந்தால் அதன் மேல் புதுப் பெயின்ட் அடிக்கவே விடாதீர்கள். கம்பித் தூரிகையால் தேய்த்து, அல்ட்ராசானிக் கருவியால் தடிமன் அளந்து, வரைபடத்தில் உள்ள குறைந்தபட்சத் தடிமனோடு ஒப்பிட்ட பிறகுதான் பெயின்ட். அளந்த புள்ளிகளை ஒரு படத்தில் குறித்து வைத்தால், அடுத்த முறை அதே புள்ளிகளை அளந்து ஆண்டுக்கு எவ்வளவு தேய்கிறது என்று சொல்லலாம். ஒரே ஒரு அளவு மட்டும் இருந்தால் அதிலிருந்து பெரிதாக எதுவும் தெரியாது. வெள்ளை நிறம் அழகுக்காக அல்ல, வெயிலைத் திருப்பி அனுப்ப. அழுக்கேறி மங்கிய டேங்க் கோடையில் கூடுதல் அழுத்தத்தில் நிற்கும்.

அழுத்தம் மிஞ்சினால் தானே திறந்து ஆவியை வெளியேற்றும் பாதுகாப்பு வால்வுதான் இந்தப் பதிலின் முக்கியப் பகுதி. டேங்க்கின் உச்சியில், திரவம் தொடாத ஆவி இடத்தில், இரண்டு ஸ்பிரிங் வால்வுகள் இருக்கும். ஒவ்வொன்றும் தனியாகவே முழுச் சுமையையும் தாங்கும் திறன் கொண்டதாக இருக்க வேண்டும். எதற்கு இரண்டு என்றால், ஒன்றைக் கழற்றிச் சோதனைக்கு அனுப்பும்போது இன்னொன்று காவலுக்கு இருக்க. கீழே இருக்கும் தனிமைப்படுத்தும் வால்வுகள், இரண்டும் ஒரே நேரத்தில் மூட முடியாதபடி பூட்டப்பட்டிருக்கும். நிலையான, நடமாடும் அழுத்தக் கலன்களுக்கான எஸ்.எம்.பி.வி. விதிகள் 2016-இன்படி இந்தப் பாதுகாப்பு வால்வுகளை ஆண்டுக்கு ஒருமுறை தகுதி பெற்ற நபர் சோதிக்க வேண்டும். சோதனை என்றால் கழற்றி, பெஞ்சில் மாட்டி, எந்த அழுத்தத்தில் திறக்கிறது, எதில் மறுபடி மூடுகிறது, மூடிய பிறகு கசிகிறதா என்று பார்ப்பது. டேங்க்கிலேயே வைத்து வெளியே பெயின்ட் அடித்துவிட்டு 'சோதித்தது' என்று எழுதுவது சோதனை ஆகாது.

இந்த வால்வு எப்படிக் கெடும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். வால்விலிருந்து மேலே செல்லும் குழாயின் வாயில் உள்ள மழை மூடி காற்றில் பறந்துவிடும். ஒரு பருவமழை போதும்; உள்ளே தண்ணீர் நின்று ஸ்பிரிங் துருப்பிடிக்கும், இருக்கையோடு வட்டத்தகடு ஒட்டிக்கொள்ளும். குழாயின் அடியில் தண்ணீர் வடிய ஒரு சிறு துளை இருக்கும். அதைக் குளவி மண் வைத்து அடைத்துவிடும், அல்லது பெயின்டர் அடைப்பார். மாதம் ஒருமுறை மூடி இருக்கிறதா, துளை திறந்திருக்கிறதா என்று பார்ப்பது ஐந்து நிமிட வேலை. பார்க்கும்போது முகத்தை வால்வின் நேர் மேலே கொண்டுபோகாதீர்கள். அது திறக்க முன்னறிவிப்பு கொடுக்காது. இலேசாகக் கசிந்தால் சுத்தியலால் தட்டி உட்காரவைக்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். ஆயுள் எவ்வளவு என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. சில தயாரிப்பாளர்கள் 10 ஆண்டில் மாற்றச் சொல்கிறார்கள். ஆண்டுதோறும் பெஞ்சில் தேறுகிற வால்வை எதற்கு மாற்ற வேண்டும் என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். என் பார்வையில், பெஞ்சுச் சோதனை அன்றைய நிலையை மட்டும் சொல்லும், ஸ்பிரிங்கின் களைப்பைச் சொல்லாது. வால்வின் விலையை நினைத்தால் மாற்றிவிடுவதே மேல்.

அடுத்தது, அதிகப்படி ஓட்டத்தைத் தடுக்கும் வால்வு. எக்ஸஸ் ஃப்ளோ என்று தளத்தில் சொல்வார்கள். குழாய் உடைந்து எரிவாயு பீறிட்டால், அந்த வேகமே வால்வைத் தள்ளி மூடிவிடும். இதன்மேல் பலருக்கு அளவுக்கு மீறிய நம்பிக்கை. அதன் குறித்த அளவைத் தாண்டி ஓட்டம் போனால் மட்டுமே மூடும். ஃபிளாஞ்சில் கேஸ்கட் பிய்ந்து கணிசமாகக் கசிந்தாலும், அந்தக் கசிவு குறித்த அளவுக்குக் கீழே இருந்தால் அது அசையாது. குழாய் நீளமாகவோ குறுகலாகவோ இருந்து, கடைசி முனையில் உடைந்தாலும் மூடாமல் போகலாம். ஆகவே தூரத்திலிருந்து மூடக்கூடிய ஆர்.ஓ.வி. வால்வுக்கு இது மாற்று அல்ல. ஆர்.ஓ.வி.யை மாதம் ஒருமுறையாவது அவசரப் பொத்தானை அமுக்கி மூடிப் பாருங்கள். ஒவ்வொரு பொத்தானிலிருந்தும் தனித்தனியாக. கேட் அருகே இருக்கும் பொத்தானின் கம்பி அறுந்திருப்பது அப்போதுதான் தெரியும். மூட எத்தனை நொடி ஆகிறது என்று எழுதி வையுங்கள். நேரம் கூடிக்கொண்டே போனால் காற்றுக் குழாயில் ஈரமோ, ஆக்சுவேட்டரில் (வால்வை இயக்கும் பகுதியில்) இறுக்கமோ இருக்கிறது. எக்ஸஸ் ஃப்ளோ வால்வு வேறு வகையிலும் தொல்லை தரும்: திரவ லைன் வால்வை வெடுக்கென்று திறந்தால் 'டக்' என்று மூடிக்கொண்டு, எரிவாயு வரவில்லை என்று பர்னர்காரர் கத்துவார். வெளி வால்வை மூடிவிட்டுச் சற்றுக் காத்திருந்தால், அதில் உள்ள சிறு துளை வழியாக அழுத்தம் சமமாகித் தானே திறக்கும். பிறகு மெதுவாகத் திறக்க வேண்டும். இந்தத் தொல்லைக்காக உள்ளிருக்கும் உறுப்பைக் கழற்றி எறிந்த தளங்களும் உண்டு. உங்களுடையதில் அது இருக்கிறதா என்று அடுத்த முறை டேங்க்கைத் திறக்கும்போது கண்ணால் பாருங்கள்.

அளவு காட்டும் கருவிகளில், காந்த மிதவை டயல் ஒன்றும், நிலையான அளவுக் குழாய் ஒன்றும் இருக்கும். இரண்டாவது ஒரு மெல்லிய குழாய்; 85 சதவீத உயரத்தில் முடியும். நிரப்பும்போது அதன் சிறு வால்வைத் திறந்து வைத்தால், ஆவி வந்துகொண்டிருந்த இடத்தில் வெள்ளையாகத் திரவம் துப்பும் நொடியில் நிறுத்த வேண்டும். டயல் ஏமாற்றலாம், மிதவை சிக்கிக்கொள்ளலாம். இந்தக் குழாயில் சிக்கிக்கொள்ள எதுவும் இல்லை. 85 எதற்கு என்பதைக் கணக்காகவே காட்டலாம். 20 டிகிரியில் ஒரு லிட்டர் திரவப் புரொப்பேனின் எடை 500 கிராம். 55 டிகிரியில் சுமார் 440 கிராம். அதாவது அதிகாலைக் குளிரில் 85 சதவீதம் நிரப்பியது, திரவம் 55 டிகிரிக்குப் போனால் 97 சதவீதமாக விரியும். 90 நிரப்பியிருந்தால் 50 டிகிரியிலேயே டேங்க் முழுக்கத் திரவமாகிவிடும். அதற்குமேல் ஆவிக்கு இடம் இல்லை, அழுத்தம் செங்குத்தாக ஏறும். அமெரிக்காவில் 80 சதவீதத்திலேயே நிறுத்துகிறார்கள். டயல் கண்ணாடியை மாற்ற வேண்டி வந்தால் ஒரு எச்சரிக்கை: டயலைப் பிடித்திருக்கும் சிறு திருகுகள் வேறு, கருவியின் தலையை டேங்க்கோடு பிடித்திருக்கும் பெரிய போல்ட்டுகள் வேறு. முதலாவதைக் கழற்றினால் டயல் மட்டும் வரும். இரண்டாவதைக் கழற்றினால் டேங்க்கே திறக்கும்.

இருப்புக் கணக்கு இடிக்கிறது என்றும் எழுதியிருந்தீர்கள். அது பெரும்பாலும் திருட்டு அல்ல. 30 டிகிரியில் திரவ அடர்த்தி லிட்டருக்கு 484 கிராம்தான், ஆகவே ஒரே எடை காலையில் ஒரு மட்டமும் மாலையில் ஒரு மட்டமும் காட்டும். இன்னொன்றைப் பலர் கணக்கில் சேர்ப்பதே இல்லை: மேலே உள்ள ஆவிக்கும் எடை உண்டு. 30 டிகிரியில் ஒரு கன மீட்டர் புரொப்பேன் ஆவி 23 கிலோ இருக்கும். டேங்க் 30 சதவீதத்தில் நிற்கும்போது மேலே 14 கன மீட்டர் ஆவி, அதாவது 320 கிலோ. வெப்பமானியின் அளவையும் சேர்த்துப் பதிவு செய்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

டேங்க்கின் அடியில் இருக்கும் டிரெயின் லைன், எல்லா உறுப்புகளிலும் எளிமையானது. ஆனால் பெரும் உயிரிழப்புக்கும் அது காரணமாகியிருக்கிறது. தண்ணீரும் எண்ணெய்க் கசடும் அடியில் சேரும், அவ்வப்போது இறக்க வேண்டும். இரண்டு வால்வுகள் வரிசையாக இருக்கும். டேங்க் பக்கம் சட்டென்று மூடக்கூடியது ஒன்று, அதற்கு அரை மீட்டராவது தள்ளி, ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் குளோப் வால்வு ஒன்று. முதலில் டேங்க் பக்க வால்வை முழுக்கத் திறக்க வேண்டும், பிறகு இரண்டாவதைக் கொஞ்சம் கொஞ்சமாக. மூடும்போது டேங்க் பக்கம் முதலில். காரணம், தண்ணீர் தீர்ந்து புரொப்பேன் வந்ததும், அழுத்தம் விழும் இடத்தில் குளிர் மைனஸ் 42 வரை இறங்கும். அங்கே பனிக்கட்டி பிடிக்கும். அந்தப் பனி இரண்டாவது வால்வில் பிடித்தால் பரவாயில்லை, முதலாவதை மூடிவிடலாம். முதலாவதில் பிடித்தால் மூட வழியே இல்லை. 1966 ஜனவரி 4-ஆம் தேதி பிரான்சில் லியோன் அருகே ஃபெய்சின் சுத்திகரிப்பு ஆலையில் நடந்தது இதுதான். வால்வுகளைத் தவறான வரிசையில் திறந்தார்கள், அடைப்பு ஏற்பட்டது, அடைப்பு திடீரென்று விலகி புரொப்பேன் கொட்டியது, வால்வை மூட முடியவில்லை. ஆவி மேகம் பக்கத்துச் சாலை வரை தவழ்ந்து ஒரு காரில் பற்றியது. பாதுகாப்பு வால்வு திறந்ததும் அந்தக் கோள வடிவ டேங்க் இனி வெடிக்காது என்று நம்பினார்கள். ஆனால் திரவம் தொடாத மேல் எஃகு தீயில் பழுத்து, பலமிழந்து கிழிந்தது. 18 பேர் இறந்தார்கள். டிரெயின் இறக்கும்போது ஆள் பக்கத்திலேயே நிற்க வேண்டும், திறந்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போகக் கூடாது. வேலை முடிந்ததும் முனையில் பிளக் அல்லது குருட்டு ஃபிளாஞ்ச் போட வேண்டும்.

ஃபெய்சினிலிருந்து இன்னொன்றும் எடுத்துக்கொள்ளலாம்: பாதுகாப்பு வால்வு தீயில் டேங்க்கைக் காப்பாற்றாது, மேல் எஃகைக் குளிரவைக்கும் தண்ணீர்தான் காப்பாற்றும். தரைக்கு மேலுள்ள கலனுக்கு நம் நாட்டில் கொள்ளும் அளவு, சதுர மீட்டருக்கு நிமிடம் 10.2 லிட்டர். உங்கள் புல்லட்டின் பரப்பு சுமார் 50 சதுர மீட்டர், ஆக நிமிடத்துக்கு 500 லிட்டருக்குக் குறையாமல். பம்ப் ஓடுகிறது என்பதோடு நிறுத்தாமல், ஸ்பிரேயைத் திறந்துவிட்டு டேங்க்கைச் சுற்றி நடந்து, ஈரம் படாத திட்டு எங்காவது இருக்கிறதா என்று பாருங்கள். போர்வெல் உப்பு நாசில்களை அடைக்கும். சேடிலுக்கு மேலும், இரு முனைக் குவிமுகங்களிலும் பெரும்பாலும் காய்ந்த திட்டு இருக்கும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். திரவ லைனில் எந்த இரண்டு வால்வுகளுக்கு நடுவிலும் ஒரு சிறு வெப்ப நிவாரண வால்வு இருக்க வேண்டும். அங்கே அடைபட்ட திரவம் வெயிலில் ஒரு டிகிரி ஏறினாலே அழுத்தம் பல பார் கூடும். குழாயை மாற்றியமைத்து ஒரு வால்வைக் கூட்டியவர்கள் இதைச் சேர்க்க மறந்திருப்பார்கள். லைனை விரலால் தொட்டுக்கொண்டே நடந்து எண்ணிப் பாருங்கள். ஹோஸில் உள்ளிருக்கும் கம்பிப் பின்னல் தெரிந்தாலோ, எங்காவது உப்பியிருந்தாலோ அன்றே கழற்றிவிடுங்கள். எர்த்திங் இரண்டு இடத்தில் இருக்க வேண்டும், அதை மழைக்காலத்தில் அல்ல, கோடையில் அளக்க வேண்டும். புரொப்பேன் ஆவி காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம், தரையோடு ஓடும், காற்றில் 2 சதவீதம் சேர்ந்தாலே பற்றும். ஆகவே வேலிக்குள் திறந்த கேபிள் குழி, சாக்கடை, காய்ந்த புல் எதுவும் இருக்கக் கூடாது. மூக்கை மட்டும் நம்பவும் வேண்டாம்: புது டேங்க்கிலும், நெடுநாள் காலியாகக் கிடந்த டேங்க்கிலும் வாசனைப் பொருளான மெர்காப்டனைத் துரு உறிஞ்சி, வாசம் மங்கிப்போகும். வால்வின் பித்தளைப் பகுதி நீலப்பச்சையாக மாறியிருந்தால் அமோனியா பட்டிருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். அது பித்தளையில் விரிசல் விழவைக்கும், அந்த வால்வைத் திருகக்கூட வேண்டாம்.

ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை வரும் நீரழுத்தச் சோதனையை விட அதற்குப் பிந்திய நாளே ஆபத்தானது. தண்ணீர் நிரப்பும்போது அடித்தளத்தில் 20 டன் ஏறும்; எரிவாயு நிரம்பியிருந்தால் எட்டரை டன்தான். முன்பே சேடிலில் விரிசல் இருந்தால் இங்கே தெரிந்துவிடும். சோதனை முடிந்ததும் தண்ணீரை முழுக்க வடித்து உலர்த்த வேண்டும், இல்லாவிட்டால் ரெகுலேட்டரில் பனி அடைத்து வாரக்கணக்கில் அவதி. நைட்ரஜன் செலுத்திக் காற்றை வெளியேற்றிய பிறகு, முதலில் ஆவியை மட்டும் விட்டு அழுத்தம் சில பார் ஏறிய பின்பே திரவம் விட வேண்டும். அழுத்தமில்லாத டேங்க்கில் நேரடியாகத் திரவத்தை ஊற்றினால் அது கொதித்து எஃகை மைனஸ் 40 பக்கம் இழுத்துச் செல்லும்; அந்தக் குளிரில் சாதாரண எஃகு கண்ணாடிபோல் நொறுங்கும் தன்மை அடையும். அவசரம் என்று இந்தப் படியைத் தாண்ட லாரி ஓட்டுநர் வற்புறுத்துவார், சம்மதிக்காதீர்கள்.

இவற்றில் உங்களால் முடியாததும் உண்டு, என்னால் இங்கிருந்து சொல்ல முடியாததும் உண்டு. வெல்டிங்கின் உட்புறம் எப்படி இருக்கிறது, தடிமன் போதுமா என்பதைப் படத்தைப் பார்த்து யாரும் தீர்ப்பு சொல்லக் கூடாது. கூட்டில் வெல்டிங் வைப்பதும், பெட்ரோலியம், வெடிபொருள் பாதுகாப்புக்கான மத்திய அரசு அமைப்பான பெசோவின் அனுமதியும் தகுதி பெற்ற நபரின் மேற்பார்வையும் இல்லாமல் கூடாது. ஒரு சிறு கொக்கியை ஒட்டுவதற்குக்கூட. உங்கள் ஒப்பந்தக்காரரிடம் இப்போதே கேட்கக்கூடியது ஒன்று: கடைசிப் பாதுகாப்பு வால்வு சோதனைச் சான்றிதழ். அதில் வால்வின் வரிசை எண், திறந்த அழுத்தம், மூடிய அழுத்தம் மூன்றும் இருக்க வேண்டும். ஏணியில் ஏறி, வால்வின் மேல் பொறித்த எண்ணைப் போன் கேமராவில் எடுக்காமல் (வேலிக்குள் போன் கூடாது) தாளில் எழுதிக்கொண்டு வந்து ஒப்பிடுங்கள். எண்கள் பொருந்தவில்லை என்றாலோ, எண்ணே பெயின்ட்டுக்கு அடியில் புதைந்திருந்தாலோ, அந்த வால்வு பெஞ்சைப் பார்க்கவே இல்லை என்று வைத்துக்கொண்டு வேலையை ஆரம்பியுங்கள்.